நாலு மின்னஞ்சல், ஒரு பெட்டி

ஓய்வு பெற்ற நம் வயதுக்காரர்களிடம் மின்னஞ்சல் முகவரி கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும். "எது வேணும்? பேங்குக்குக் கொடுத்ததா, பையன் போட்டுக் கொடுத்ததா, பிரவுசிங் சென்டரில் போட்டதா?" உத்திரமேரூர் பக்கம் கணினி பழகிய பெரியவர் யாரை எடுத்துக்கொண்டாலும் மூன்று நான்கு முகவரிகளுக்குக் குறைவில்லை. பணியில் இருந்த காலத்தில் ஆரம்பித்த யாகூ ஒன்று. ஆண்ட்ராய்டு போன் வாங்கிய அன்று கடைக்காரர் போட்டுக் கொடுத்த ஜிமெயில் ஒன்று. வருமான வரிக்காக ஆடிட்டர் தொடங்கிய இன்னொரு ஜிமெயில். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு பேசுவதற்கென்று வேறொன்று.

"எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முகவரிகள் நாலு இருக்கட்டும். ஆனால் அந்த நாலும் வந்து சேரும் பெட்டி ஒன்றாக இருக்கவேண்டும். அந்தப் பெட்டி நம் வீட்டுக் கணினியில் இருக்கவேண்டும். இதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த முகவரிகள் நம்மிடம் எப்படிச் சேர்ந்தன என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கும். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக. அடுத்த ஆண்டே ஹாட்மெயில் வந்தது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் நம் நாட்டுக்காரரான சபீர் பாட்டியா. பிறகு யாகூ, ரெடிஃப். 2004 ஏப்ரல் முதல் தேதி ஜிமெயில் வந்து, ஒரு ஜிபி இடம் இலவசம் என்றபோது, ஏப்ரல் முட்டாள் தின வேடிக்கை என்றே பலர் நினைத்தார்கள். ஒவ்வொரு காலத்திலும் எது புதிதோ அதில் ஒரு முகவரி தொடங்கினோம். பழையதை மூடவில்லை, ஏனென்றால் அதை எங்கெங்கோ எழுதிக் கொடுத்திருந்தோம். வேலைக்குப் போன ஊர்களில் எல்லாம் ஒரு ரேஷன் கடைக்காரரோடு பழக்கம் இருப்பது மாதிரி, இதுவும் வாழ்க்கையோடு சேர்ந்து வந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. ஒரு காலத்தில் முக்கியமான காகிதம் என்றால் தபாலில் வரும். வந்ததைக் கம்பியில் குத்தி வைப்போம், அல்லது தகரப் பெட்டியில் போடுவோம். வீட்டுப் பெரியவர் கண்ணை மூடினால், மூத்த பிள்ளை அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தால் போதும். இன்ஷூரன்ஸ் எங்கே, டெபாசிட் எங்கே, யாருக்குக் கடன் பாக்கி, எல்லாம் அதில் இருக்கும். இன்றைக்கு டெபாசிட் முதிர்வு அறிவிப்பு, மியூச்சுவல் ஃபண்டு கணக்கு, பாலிசி ரசீது, வருமான வரித் துறையின் அறிவிப்பு எல்லாம் மின்னஞ்சலில்தான் வருகின்றன. தந்தி 2013 ஜூலையில் நின்றது. பதிவுத் தபாலையும் 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். தகரப் பெட்டி காலியாகிக்கொண்டே வருகிறது. அதற்குள் இருக்கவேண்டிய காகிதங்களோ நாலு வெவ்வேறு கம்பெனிகளின் கிட்டங்கிகளில், நாலு வெவ்வேறு பாஸ்வேர்டுக்குப் பின்னால் கிடக்கின்றன.

எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் இது எப்படி முடிந்தது என்று பார்த்தேன். கணவர் திடீரென்று தவறிப்போனார். முதலீட்டு விவரங்கள் எல்லாம் அவருடைய மின்னஞ்சலுக்கு வரும் என்பது மட்டும் அந்த அம்மாவுக்குத் தெரியும். எந்த மின்னஞ்சல் என்று தெரியாது. அவருடைய போன் எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் அதுவும் போய்விட்டது. பாஸ்வேர்டை மாற்றலாம் என்றால் ஓ.டி.பி. அந்தப் பழைய எண்ணுக்குத்தான் போகும். வாரிசுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாகக் காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் அந்த அம்மா மாதக்கணக்கில் அலைந்தார். பணம் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் கடிதம்தான் கைக்கு எட்டவில்லை.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தக் கணக்குகள் நமக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுத்த சொத்து அல்ல. இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். இந்த விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. யாகூவில் பன்னிரண்டு மாதங்கள் உள்ளே போகாவிட்டால் பெட்டியில் உள்ளதைத் துடைத்துவிடுகிறார்கள். "அந்தப் பழைய முகவரியா, அது கிடக்கும்" என்று நாம் அலட்சியமாக இருக்கிறோம். அது கிடக்காது.

இதற்கு நான் சொல்லும் வழி புதிதல்ல. கணினியில் அஞ்சலுக்கென்றே இருக்கும் மென்பொருள். விண்டோஸ் 98, எக்ஸ்.பி. காலத்தில் பணியில் இருந்தவர்களுக்கு அவுட்லுக் எக்ஸ்பிரஸ் நினைவிருக்கும். அதற்கும் முன்னால் யூடோரா என்று ஒன்று. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் என்பவர் 1988-இல் எழுதியது. தபால் ஆபீசில் குடியிருக்கும் பெண்ணைப் பற்றிச் சிறுகதை எழுதிய யூடோரா வெல்டியின் பெயரை அதற்கு வைத்தார். இன்றைக்கு நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றது தண்டர்பேர்ட் என்பேன். மொசில்லாவின் வெளியீடு. முதல் பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. காசு கிடையாது. விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும்.

இது செய்யும் வேலையை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளை, 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவற்றை, பள்ளிக்கூடத்திலேயே கேள்விப்பட்டு வளர்ந்தவர்கள் நாம். முப்பது குடும்புகள். ஒவ்வொரு குடும்பின் ஓலைகளையும் தனித்தனியே கட்டி, இது இன்ன குடும்பு என்று மேலே ஒரு வாயோலை பூட்டி, அத்தனைக் கட்டுகளையும் குடத்தில் இட்டார்கள். குடம் ஒன்று, கட்டுகள் வேறு வேறு. ஒன்றோடொன்று கலப்பதில்லை. தண்டர்பேர்டின் இடது பக்கத்தில் உங்கள் நாலு முகவரிகளும் நாலு கட்டுகளாக, தத்தம் பெயரோடு நிற்கும். நாலுக்கும் வந்த புதுக் கடிதங்களை ஒரே வரிசையில் பார்க்கவேண்டும் என்றால் 'யூனிஃபைடு ஃபோல்டர்ஸ்' என்ற பார்வைக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்போதும் எது எந்த முகவரிக்கு வந்தது என்ற விவரம் அழியாது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே முகவரியாக்கிவிட்டால் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். அதே கல்வெட்டில் ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிடவில்லை. மின்னஞ்சலிலும் பணத்துக்கு ஒரு முகவரி, உறவுக்கும் நட்புக்கும் ஒன்று, கடை கண்ணிக்கும் கண்ட கண்ட படிவங்களுக்கும் ஒன்று என்று இருப்பதில் பெரிய பாதுகாப்பு இருக்கிறது.

எப்படி என்றால், உங்கள் வங்கிக்கு நீங்கள் கொடுத்தது முதல் முகவரியை மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் "உங்கள் கே.ஒய்.சி. முடிந்துவிட்டது, இன்றே கிளிக் செய்யுங்கள்" என்று வங்கியின் பெயரில், வங்கியின் சின்னத்தோடு ஒரு கடிதம் வருகிறது. வந்திருப்பதோ கடை கண்ணி முகவரிக்கு. அந்த முகவரி வங்கிக்குத் தெரியவே தெரியாது. ஆகவே அது திருட்டுக் கடிதம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவே வேண்டாம். ஆங்கிலம் சரியாக இருக்கிறதா, அனுப்பியவரின் முகவரியில் ஒரு எழுத்து மாறியிருக்கிறதா என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடுவதைவிட இது எவ்வளவு எளிது! நம் வயதுக்காரர்களிடம் ஏமாற்றிப் பறிக்கும் இந்தக் காலத்தில், இந்த ஒரு காரணத்துக்காகவே நாலு முகவரிகளையும் பிரித்து வைக்கலாம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். சரியான முகவரிக்கு வந்துவிட்டதாலேயே ஒரு கடிதம் உண்மையாகிவிடாது. தவறான முகவரிக்கு வந்தது பொய் என்பதுதான் உறுதி.

பதில் எழுதும்போதும் இது உதவும். எந்த முகவரிக்குக் கடிதம் வந்ததோ அதிலிருந்தே பதில் போகும்படி மென்பொருள் பார்த்துக்கொள்ளும். புதிதாக எழுதும்போது மட்டும் மேலே 'ஃப்ரம்' என்ற இடத்தில் எந்த முகவரி நிற்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்பவேண்டும். வங்கிக்கென்று வைத்த முகவரியிலிருந்து கல்யாண வாழ்த்து அனுப்பினால், அது நூறு பேருக்குத் தெரிந்துபோகும். பிரித்து வைத்ததன் பயனே கெட்டுவிடும்.

அடுத்த காரணம், கடிதத்தின் நகல் நம் வீட்டில் இருப்பது. நம் பக்கம் மழைக்காலத்தில் இணையம் எத்தனை நாள் படுத்துவிடும் என்பது தெரிந்ததே. நகல் கணினியில் இருந்தால் இணையம் இல்லாதபோதும் தேடலாம், படிக்கலாம், அச்சிடலாம். ஐந்து வருடத்துக்கு முந்தைய பாலிசி ரசீது எந்த முகவரிக்கு வந்தது என்று மறந்துபோனாலும் பரவாயில்லை. பாலிசி எண்ணை ஒரு முறை அடித்தால் நாலு கட்டுகளிலும் சேர்த்தே தேடிக் கொடுத்துவிடும்.

கம்பெனிகளின் போக்கையும் கவனியுங்கள். விண்டோஸோடு வந்த 'மெயில்' செயலியை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31-ஓடு நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக வந்த புதிய அவுட்லுக்கில் ஜிமெயில், யாகூ கணக்கைச் சேர்த்தால், அந்தக் கடிதங்களின் நகல் மைக்ரோசாஃப்டின் கிட்டங்கிக்கும் போகிறது. வேறு சேவைகளின் கடிதங்களை 'பாப்' முறையில் ஜிமெயிலுக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும் வசதி ஒன்று இருந்தது. அதை 2026-இல் கைவிடுவதாக கூகுள் அறிவித்தது. அவர்கள் கொடுத்ததை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், கேட்க நமக்கு உரிமையில்லை. நம் கடிதங்களின் ஒரு பிரதி நம்மிடம் இருந்தால், எவர் எதை நிறுத்தினாலும் நாம் கலங்கவேண்டியதில்லை.

அப்படிப் பிரதி வைத்திருந்தவர்களால்தான் தமிழில் சில காரியங்கள் நடந்தன என்பதையும் சொல்லவேண்டும். தொண்ணூறுகளில் தமிழில் மின்னஞ்சல் எழுதுவது என்றால் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்றவைதான் துணை. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒரே எழுத்துருவைக் கணினியில் நிறுவியிருக்கவேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்குப் பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளமில்லாமல் நூல்களைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். அந்தக் காலத்து டிஸ்கி குறியீட்டுக் கடிதங்களை இன்று திறந்தால் கொக்கி கொக்கியாகத் தெரியும். ஆனால் கோப்பு கையில் இருந்தால் சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் போட்டு யூனிகோடு தமிழாக்கிப் படித்துவிடலாம். அழிந்துபோன பெட்டியில் இருந்த கடிதத்தை எந்த மாற்றியாலும் மீட்க முடியாது.

இனி, இதில் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள். கடிதத்தைக் கணினிக்குக் கொண்டுவர இரண்டு முறைகள் உண்டு. ஒன்று 'பாப்', மற்றொன்று 'ஐமேப்'. பாப் என்பது தபால்காரர் கடிதத்தை வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது. சர்வரில் ஒரு பிரதியை விட்டுவை என்று நாம் சொல்லாவிட்டால் அங்கே ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். ஐமேப் என்பது கண்ணாடியில் முகம் பார்ப்பது மாதிரி. அங்கே இருப்பது இங்கே தெரியும், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், போனிலும் அழியும். போனும் கணினியும் இரண்டும் வைத்திருப்பவர்களுக்கு ஐமேப்தான் சரி. ஆனால் ஐமேப்பை மட்டும் நம்பி "என்னிடம் பிரதி இருக்கிறது" என்று இருந்துவிடக் கூடாது. கம்பெனி கணக்கை நீக்கினால் கண்ணாடியில் இருக்கும் பிம்பமும் போகும். ஆகவே முக்கியமான கடிதங்களை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற பகுதியில் நகலெடுத்து வைக்கவேண்டும். இழுத்துப் போட்டால் இடம் மாறிவிடும், ஆகவே 'காப்பி' என்பதையே தேர்ந்தெடுங்கள். அந்தப் பகுதி உங்கள் கணினிக்கு மட்டுமே சொந்தம். மாதம் ஒருமுறை தண்டர்பேர்டின் 'ப்ரொஃபைல்' கோப்புறையை முழுதாக ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டால் ஹார்டு டிஸ்க் போனாலும் கவலையில்லை.

கணக்கைச் சேர்ப்பது முன்பு போல் சிரமமில்லை. முகவரியைக் கொடுத்தால் சர்வர் பெயர், போர்ட் எண் எல்லாவற்றையும் பெரும்பாலும் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். ஜிமெயில், யாகூ, அவுட்லுக் மூன்றுக்கும் அவரவர் உள்நுழைவுப் பக்கமே திறக்கும். அங்கே ஒரு முறை பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் கொடுத்து அனுமதித்தால் முடிந்தது. சில இலவச சேவைகள் இந்த வசதியைத் தருவதில்லை. அப்படிப்பட்ட முகவரியை எங்கெல்லாம் கொடுத்திருக்கிறோமோ அங்கெல்லாம் மாற்றிவிடுவதே நல்லது.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நம் பக்கத்துக் கிராமங்களில் பலருடைய முகவரி பிரவுசிங் சென்டரில் தொடங்கியது. மீட்பு எண்ணாகக் கடைக்காரரின் போன் எண்ணே இருக்கும். பாஸ்வேர்டும் அவருடைய நோட்டில்தான் இருக்கும். அந்த முகவரியில் உங்கள் பெயர் இருக்கிறது, சாவி இன்னொருவரிடம் இருக்கிறது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், கடையை மூடிவிட்டால் யாரைப் போய்க் கேட்பது? முதலில் மீட்பு எண்ணை உங்கள் எண்ணாக மாற்றுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள். நாம் விட்டுவிட்ட போன் எண்ணை கம்பெனி கொஞ்ச காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும் என்பதால், பழைய எண்ணில் எந்தக் கணக்கும் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இதெல்லாம் போனிலேயே இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. ஜிமெயில் செயலியில் நாலு கணக்கையும் சேர்க்கலாம். வந்ததைப் பார்க்க அது போதும். ஆனால் போன் தொலையும், கீழே விழும், மூன்று வருடத்தில் மாறும். சின்னத் திரையில் அனுப்பியவரின் பெயர் தெரியும், உண்மையான முகவரி மறைந்திருக்கும். ஏமாற்றுக்காரனுக்கு அதுதான் சௌகரியம். பெரிய திரையில், உட்கார்ந்து, அவசரமில்லாமல் பார்ப்பவரை ஏமாற்றுவது கடினம். பணம் சம்பந்தமான கடிதத்தைப் பஸ்ஸில் நின்றுகொண்டு திறக்கவேண்டிய கட்டாயம் நமக்கு என்ன?

"எல்லாவற்றையும் ஒரே கணினியில் வைத்தால் திருடுபோனால் எல்லாம் போய்விடாதா" என்பது நியாயமான கேள்வி. விண்டோஸுக்கு ஒரு பாஸ்வேர்டு போடுங்கள். தண்டர்பேர்டுக்குள் 'ப்ரைமரி பாஸ்வேர்டு' என்று ஒன்று உண்டு, அதைப் போட்டால் சேமித்த கணக்குச் சாவிகள் பூட்டப்பட்டிருக்கும். ஆனால் அது கடிதங்களைப் பூட்டாது. ஆகவே கணினியையும் பென் டிரைவையும் பீரோ சாவி மாதிரி காக்கவேண்டும்.

கடைசியாகச் சொல்வதுதான் முக்கியம். ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் முகவரிகளையும், எது எதற்கு என்பதையும், எந்த போன் எண்ணோடு இணைந்தது என்பதையும் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். கணினியை எப்படித் திறப்பது என்பதை மனைவிக்கோ, கணவருக்கோ, பிள்ளைக்கோ ஒரு முறை செய்து காட்டுங்கள். கூகுளில் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்று ஒன்று 2013 முதல் இருக்கிறது. மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை நாம் குறிக்கும் காலத்துக்கு நடமாட்டம் இல்லையென்றால், நாம் சொன்னவருக்குத் தகவல் போகும், கடிதங்களைப் பார்க்கவும் அனுமதி கிடைக்கும். வங்கியில் நாமினி போடுவது மாதிரி இதையும் போட்டுவிடவேண்டும்.

இந்த ஊர்ச் சபையில் வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரை மறுபடி குடத்தில் இடமாட்டார்கள். அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அந்தத் தகுதி கிடையாது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் காட்டாத கணக்கின் பாரம் குடும்பத்தின் தலையில் விழுந்தது. இன்றைக்கு நாலு முகவரிகளில் சிதறிக் கிடக்கும் நம் கணக்கின் பாரமும் அப்படித்தான் விழும். அதைச் சுமக்கப் போவது நாமல்ல, நமக்குப் பின்னால் இருப்பவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நேரத்தை ஒதுக்கினால் இந்த வேலை முடிந்துவிடும். நவம்பரில் உயிர்ச் சான்று கொடுக்க அலுத்துக்கொள்ளாமல் போகிறோம் அல்லவா? இதையும் அதோடு சேர்த்து வருடத்துக்கு ஒருமுறை செய்யவேண்டிய கடமையாக வைத்துக்கொள்வோம்.